சொந்தமாகக் கட்டும் கேட்டமரனின் உள்வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கத்தில் உள்ள அளவுகளும் எடைகளும் ஒரு குறிப்பிட்ட வகைப் படகுக்கானவை: 10 முதல் 12 மீட்டர் நீளம், ப்ளைவுட்டும் எபாக்சிப் பிசினும் கொண்டு சொந்தமாகக் கட்டிய பாய்மரக் கேட்டமரன் (இரண்டு உடல்களை இணைத்த படகு), ஆண்டு முழுக்கக் குடியிருக்க இரண்டு பேர். ஜேம்ஸ் வாரம் (James Wharram), ரிச்சர்ட் வுட்ஸ் போன்ற வடிவமைப்பாளர்களின் வரைபடம் வாங்கிக் கட்டுபவர்கள் படகின் உடலைக் கட்டும் வேலையைப் படத்தைப் பார்த்தே ஒழுங்காக முடித்துவிடுகிறார்கள். உள்ளே எதை வைப்பது, எவ்வளவு வைப்பது என்பது பெரும்பாலும் கட்டுபவர் கையில் விடப்படுகிறது. நல்ல படகுகள் கெடுவது அந்த இடத்தில்தான்.

உள்வேலைக்கு எவ்வளவு எடை ஒதுக்கலாம்?

வரைபடத்தில் சுமைத்திறன் என்று ஓர் எண் இருக்கும். அதில் உள் மரவேலை சேர்ந்ததா, சேராததா என்று வடிவமைப்பாளரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். சேர்ந்தது என்றால், கட்டில், அலமாரி, குளிர்பெட்டி எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும்.

1,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பேரும் அவர்கள் துணிமணி, புத்தகங்களும் 300. தண்ணீர் 300 லிட்டர், அதாவது 300 கிலோ. டீசல் 150 லிட்டர், ஏறக்குறைய 125. உணவு 200. பேட்டரி, சோலார், இன்வெர்ட்டர் 120. 20 கிலோ நங்கூரமும் 60 மீட்டர் 8 மிமீ சங்கிலியும் (மீட்டருக்கு 1.4 கிலோ) சேர்ந்து 105. சிறு படகும் அதன் எஞ்சினும் 80. கருவிகள், உதிரிபாகங்கள் 100. மொத்தம் 1,330. மீதி 470 கிலோ. அதில் அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, தொட்டிகள், பம்புகள், மெத்தைகளுக்கு 150 போனால் மரவேலைக்கு மிஞ்சுவது 320 கிலோதான்.

அந்த 320 இப்படித் தீரும்: 6 மிமீ ஒக்கூமே (இலேசான ஆப்பிரிக்க மரம்) ப்ளைவுட் 20 தாள் (170 கிலோ), 9 மிமீ 5 தாள் (65), எபாக்சியும் பெயிண்ட்டும் 50, ஓரச்சட்டங்கள் 35. அவ்வளவுதான். வீட்டு அலமாரி செய்து பழகிய தச்சரிடம் வேலையை ஒப்படைத்தால் அவர் கை தானாக 18 மிமீ பலகைக்குப் போகும். நம் ஊர் மரைன் ப்ளையில் 8-க்கு-4 அடித் தாள் ஒன்று 18 மிமீயில் கிட்டத்தட்ட 37 கிலோ. ஒன்பது தாளில் உங்கள் ஒதுக்கீடு முழுவதும் காலி.

படகுக்குள் போகும் ஒவ்வொரு பொருளையும் வாசலில் வைத்த தராசில் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். வெட்டி வெளியே போகும் துண்டுகளையும் நிறுத்துக் கழியுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் படகு கடைசியில் எந்த மட்டத்தில் மிதக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடியது அந்த நோட்டு மட்டுமே.

படகு மூன்று நான்கு சென்டிமீட்டர் தாழ்ந்தால் என்ன ஆகிவிடும்?

முதலில் அந்தச் சென்டிமீட்டர் எத்தனை கிலோ என்று பாருங்கள். நீர்மட்டத்தில் ஒரு உடலின் நீளம் 10.5 மீட்டர், அகலம் 0.9 மீட்டர், முனைகள் கூம்புவதற்காக 0.7 என்று பெருக்கினால் 6.6 சதுர மீட்டர். இரண்டு உடலுக்கும் 13.2. கடல்நீரில் அது சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 135 கிலோ. கூடுதலாக 500 கிலோ ஏற்றினால் படகு 3.7 செமீ தாழும். இதே நீளமுள்ள ஒற்றை உடல் படகு அகலமானது, அதே எடைக்கு இவ்வளவு தாழாது.

தாழ்ந்தால் நடப்பவை: இரு உடல்களையும் இணைக்கும் நடுத்தளத்துக்கும் அலைக்கும் உள்ள இடைவெளி குறைகிறது, எதிர்க்காற்றில் அலை அடியில் வந்து அறைகிறது. சிங்க் வடிகால் வாய் தண்ணீருக்குள் போய், கழுவிய நீர் வெளியேறாமல் நிற்கிறது. பாசி, சிப்பி பிடிக்காமல் அடியில் பூசும் நஞ்சுப்பூச்சுக்கு மேலே உள்ள சாதாரணப் பெயிண்டில் பாசி பிடிக்கிறது. இணைப்புச் சட்டங்களுக்கும் கயிறுகளுக்கும் வரும் விசை கூடுகிறது. வேகம் குறைவது இவற்றில் கடைசிக் கவலை.

எடை எங்கே இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். அணியத்திலும் (படகின் முன்முனை) பின்முனையிலும் ஏறும் எடை படகை முன்னும் பின்னும் ஊஞ்சலாட்டும். தண்ணீர், பேட்டரி, டின் உணவு, கருவிப்பெட்டி எல்லாம் பாய்மரத்துக்கும் பின் இணைப்புச் சட்டத்துக்கும் இடையே, தரைக்குக் கீழே. அணியத்தில் பாயும் கயிறும் போதும்.

எந்த ப்ளைவுட் வாங்குவது? ஐஎஸ் 710 போதுமா?

உலகெங்கும் படகு கட்டுபவர்கள் கேட்பது பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரத்து ஒக்கூமே. 6 மிமீ தாள் 8 முதல் 9 கிலோ. இந்தியாவில் எளிதில் கிடைக்கும் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரத்து மரைன் ப்ளை பெரும்பாலும் குர்ஜன் மர முகமுள்ளது. பசை நல்லது, அந்தத் தரத்தின் கொதிநீர்ச் சோதனை 72 மணி நேரம். ஆனால் 6 மிமீ தாளே 12 கிலோவைத் தாண்டும். உறுதியில் குறையில்லை, எடையில்தான் சிக்கல். தரைப்பலகைக்கும் எஞ்சின் மேடைக்கும் அதைப் போடுங்கள். தட்டுகளுக்கும் கதவுகளுக்கும் வேண்டாம்.

முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு தாளைக் குறுக்கே அறுத்து விளிம்பைப் பாருங்கள்: நடு அடுக்குகளில் இடைவெளி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய துண்டு இருந்தால் அந்த லாட்டையே திருப்பி அனுப்புங்கள். பிறகு 10 செமீ துண்டு ஒன்றை நான்கு மணி நேரம் கொதிக்கவைத்து, முழுதும் உலர்த்தி, மறுபடி கொதிக்கவைத்து, உளியால் பிளந்து பாருங்கள். மரம் கிழிய வேண்டும், பசைக்கோடு பிரியக் கூடாது. குர்ஜன் பிசின் உள்ள மரம் என்பதால் ஒட்டுமுன் 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்துவிடுங்கள்.

தடிமன்: தட்டுகளுக்கு 6 மிமீ, முன்விளிம்பில் 20-க்கு-20 மிமீ சட்டம். கட்டில் மேல்பலகைக்கு 6 மிமீ போட்டு 300 மிமீக்கு ஒரு சட்டம் கீழே ஒட்டலாம். தரைக்கு 9 அல்லது 12. கதவுகளுக்கு மெல்லிய சட்டம் செய்து நடுவில் பிரம்பு வலை பொருத்துவது எங்கள் முதல் தேர்வு. எடை ஏறக்குறைய இல்லை, காற்றும் தடையின்றிப் போகும்.

தேக்கு போடக்கூடாதா?

கைபடும் ஓரங்களுக்கு, கைப்பிடிகளுக்குப் போடுங்கள். பலகையாக வேண்டாம். கன மீட்டருக்கு ஏறக்குறைய 650 கிலோ.

மேல்தளத்தை மூடும் முன் உள்வேலை செய்வதா, பின்பா?

முடிந்தவரை முன்பே. திறந்த உடலுக்குள் வெளிச்சம் உண்டு, காற்று உண்டு, எபாக்சி ஆவி தங்காது, நின்றுகொண்டு வேலை செய்யலாம். தண்ணீர்த் தொட்டிகள், கட்டில்களின் அடிப்பலகை, தரைத் தாங்கிகள், மேல்தளத்தின் அடிப்பக்கத்துக்கு மூன்று கோட் எபாக்சியும் பெயிண்ட்டும், எல்லாம் மூடுவதற்கு முன். மேல்தளப் பலகையைத் தரையில் கவிழ்த்துப் போட்டுப் பூசி, ஒட்டும் இடங்களை மட்டும் டேப் ஒட்டி விட்டுவைத்தால், தலைக்கு மேல் கையைத் தூக்கித் தேய்க்கும் வேலை பாதியாகக் குறையும்.

ஒரு எச்சரிக்கை. முன்பே வைத்ததை ஒருநாள் வெளியே எடுக்க வேண்டி வரும். தொட்டியோ குளிர்பெட்டியோ நிலைவாசல் வழியாக வெளியே வருமா என்று அட்டையில் அதே அளவில் பெட்டி செய்து ஓட்டிப் பாருங்கள்.

எந்த அளவுகள் உடம்புக்குச் சரியாக இருக்கும்?

இருக்கை உயரம் மெத்தையோடு 400 முதல் 450 மிமீ, ஆழம் 450 முதல் 500. மேசை இருக்கையிலிருந்து 280 முதல் 300 மிமீ உயரத்தில். சமையல் மேடை தரையிலிருந்து 900. இரட்டைப் படுக்கை 2,000-க்கு-1,400, ஒற்றைப் படுக்கை 1,900-க்கு-650. நடைவழி தோள் உயரத்தில் 550, தரையில் 350 இருந்தால் போதும். மேடைக்குக் கீழே கால்விரல் நுழைய 75 மிமீ உயரமும் ஆழமும் விடுங்கள். இதை மறந்த மேடையில் சமைப்பவருக்கு முதுகுவலி நிச்சயம்.

ஜேம்ஸ் வாரம் வடிவமைத்த படகுகளின் உடல் குறுக்குவெட்டில் வி வடிவம். தரையை 10 செமீ தாழ்த்தினால் தலைக்கு மேல் இடம் கூடும், ஆனால் நடக்கும் அகலம் சுருங்கிவிடும். ஆகவே எண்களை நம்பி வெட்டாமல், மலிவான பலகையும் அட்டையும் கொண்டு முழு அளவில் மாதிரி கட்டுங்கள். அதில் உட்காருங்கள், படுங்கள், பாத்திரம் கழுவுவதுபோல் குனியுங்கள், உயரமான ஒருவரையும் குட்டையான ஒருவரையும் உள்ளே விட்டுப் பாருங்கள். ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும்.

உடலின் வளைவுக்குப் பலகையை எப்படிப் பொருந்த வெட்டுவது?

அளவுநாடாவால் முடியாது. தட்டு வரவேண்டிய உயரத்தில் தேவையைவிடச் சிறிய ஒரு அட்டையைக் கிடையாக நிறுத்தி அசையாமல் கட்டுங்கள். கூர்முனையுள்ள 40 செமீ குச்சி ஒன்றை எடுத்து, முனை உடலைத் தொட, குச்சியை அட்டைமேல் படுக்கவைத்து அதன் ஒரு பக்கத்தைக் கோடிடுங்கள். குச்சியில் ஒரு வெட்டுக்குறி இருக்கட்டும், அதையும் அட்டையில் குறியுங்கள். 10 செமீக்கு ஒன்றாக இப்படிக் கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். அட்டையைப் பலகைமேல் வைத்து, அதே குச்சியை அதே கோடுகளில் வைத்தால், முனை தொடும் புள்ளிகள்தான் உடலின் வளைவு. மெல்லிய சட்டத்தை வளைத்துப் புள்ளிகளைச் சேருங்கள். 2, 3 மிமீ இடைவெளி நிற்கும்படி வெட்டுங்கள். எபாக்சி நிரப்ப அது தேவை. இறுக்கிப் பொருத்திய பலகை உடலை வெளிப்பக்கம் தள்ளி மேடாகக் காட்டும்.

தட்டையும் கட்டிலையும் உடலோடு எப்படி ஒட்டுவது?

ஒட்டிய தட்டும் கட்டிலும் உடலுக்கு விறைப்பு தரும் சட்டங்கள். ஆணியடித்து நிறுத்திய மரச்சாமானுக்கு அந்தப் பயன் இல்லை, எடை மட்டும் உண்டு. ஆகவே எபாக்சிப் பசைமூலைதான், அதாவது ஃபில்லெட்.

பலகையைப் பசையில்லாமல் நிறுத்திப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒட்டும் பட்டையைப் வெறும் மரம் தெரியத் தேய்த்து, எதுவும் கலக்காத எபாக்சியைத் தூரிகையால் பூசுங்கள். விளிம்புகள் நிறையக் குடிக்கும், மறுமுறை பூசுங்கள். 20 நிமிடம் கழித்து, கொலாய்டல் சிலிக்காவும் (பசையைக் கெட்டியாக்கும் நுண்தூள்) மரத்தூளும் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில் பசை தயார் செய்து, முதலில் அங்கங்கே சிறு பொட்டு வைத்துப் பலகையை நிலைநிறுத்துங்கள். அது இறுகியதும் முழு நீளத்துக்கும் பசை வைத்து, 15 மிமீ ஆரத்தில் முனை வட்டமாக்கிய குச்சியால் ஒரே இழுப்பில் இழுங்கள். ஓரங்களில் வழிந்ததை அப்போதே சுரண்டி எடுங்கள். மறுநாள் அதை எடுக்க உளியும் அரைநாளும் வேண்டும். ஆள் ஏறி மிதிக்கும் கட்டில் முகப்பு, தரைத் தாங்கி போன்றவற்றுக்குப் பசை ஒட்டும் நிலையில் இருக்கும்போதே 75 மிமீ கண்ணாடியிழை நாடாவும் மேலே போடுங்கள்.

தட்டுக்கு மைக்ரோபலூன் (உள்ளே வெற்றான நுண்கோளத் தூள்) கலந்தால் எடை குறையும், தேய்ப்பதும் எளிது. விசை தாங்கும் மூட்டில் அதைக் கலக்காதீர்கள்.

எபாக்சி மேல் அடித்த பெயிண்ட் உரிகிறது. ஏன்?

பெரும்பாலும் அமீன் படலம். ஈரக்காற்றில் இறுகும் எபாக்சியின் மேல் கைக்கு வழுக்கலான மெழுகுபோன்ற ஒரு பூச்சு வரும். மழைக்காலத்துக் கரையோரக் கொட்டகையில் இது நிச்சயம் வரும். தண்ணீரில் கரையக்கூடியது. ஆகவே முதலில் நல்ல தண்ணீரும் பச்சைத் தேய்ப்பானும் கொண்டு கழுவி, துடைத்து, உலரவிட்டு, அதற்குப் பிறகுதான் தேய்க்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் அது கீழே அழுந்திவிடும், பெயிண்ட் பிடிக்காது. காற்றின் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் போன நாளில் பூச்சு வேலையே வேண்டாம்.

30 டிகிரிக்கு மேல் வெப்பமுள்ள இடத்தில் மெதுவாக இறுகும் ஹார்டனரை (எபாக்சியை இறுகவைக்கும் இரண்டாம் பாகம்) வாங்குங்கள். ஒரு தடவைக்கு 200, 300 கிராம் மட்டும் கலந்து, உடனே அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள். டப்பாவிலேயே விட்டால் சூடேறிப் புகைந்து வீணாகும். கலவை விகிதத்தைக் கண்ணால் பார்க்காமல் தராசில் நிறுக்க வேண்டும். ஹார்டனரைக் கூட்டினால் வேகமாக இறுகாது, என்றைக்கும் பிசுபிசுவென்றே நிற்கும்.

தோலைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். எபாக்சி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது, பாதிப் படகோடு வேலையை விட்டவர்கள் உண்டு. நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. கையில் பட்டால் தின்னரால் துடைக்காதீர்கள், அது பிசினைத் தோலுக்குள் கொண்டுபோகும், சோப்பு போதும். முழுதும் இறுகாத எபாக்சியின் தேய்ப்புத் தூசிதான் மிகவும் ஆபத்தானது. இரண்டு பாகப் பாலியூரித்தேன் பெயிண்டைத் தூரிகையாலும் ரோலராலும் மட்டும் பூசுங்கள். வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் தெளிப்பது நுரையீரலை அழிக்கும்.

ஃபைபர் படகுக்காரர்கள் போடும் பாலியெஸ்டர் பிசின் மலிவாயிற்றே?

நம் கரையில் மீன்பிடி ஃபைபர் படகுகள் அந்தப் பிசினில்தான் வார்க்கப்படுகின்றன, அந்த வேலைக்கு அது சரி. மரத்தோடு அது நிலைத்து ஒட்டாது. இறுகிய எபாக்சி மேலும் சரியாகப் பிடிக்காது. ப்ளைவுட் படகில் ஆரம்பம் முதல் முடிவு வரை எபாக்சிதான்.

பல்க்ஹெட்டில் (உடலின் குறுக்குத் தடுப்புச் சுவர்) துளை போடலாமா?

நீர்புகாத் தடுப்பு என்று வரைபடத்தில் குறித்ததைத் தொடவே வேண்டாம். மற்றவற்றில் வடிவமைப்பாளரின் ஒப்புதலோடு, மூலைகளை 50 மிமீக்குக் குறையாத ஆரத்தில் வளைத்து வெட்டி, விளிம்புக்கு மூன்று கோட் எபாக்சி பூசுங்கள். கேபிள் போகும் துளை மேல்தளத்தை ஒட்டி உயரத்தில் இருக்கட்டும், அடைப்பானோடு.

எந்தத் திருகுத் துளையானாலும் ஒரே வழிதான்: பெரிதாகத் துளைத்து, கெட்டி எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் திருகுக்குத் துளைப்பது. ப்ளைவுட் அழுகல் பெரும்பாலும் இப்படிச் செய்யாத ஒரு சின்னத் துளையில்தான் தொடங்குகிறது.

பூஞ்சையும் புழுக்கமும் வராமல் இருக்க என்ன செய்வது?

மூடிய இடம் எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு அலமாரிக்கும் அடியில் ஒன்று, மேலே ஒன்று எனக் காற்றுவழி. தட்டுகளின் பின்விளிம்பில், உடலை ஒட்டி 10 மிமீ இடைவெளிகள். தரைக்குக் கீழுள்ள ஒவ்வொரு குறுக்குத் தாங்கியின் அடியிலும் 25 மிமீ வடிதுளை. அதன் விளிம்பும் எபாக்சி பூசியதாக இருக்க வேண்டும். தரைப்பலகைகளைத் திருகி நிறுத்தாதீர்கள். கையால் தூக்கி எடுத்து, அடியில் உள்ள எல்லாவற்றையும் பார்க்கவும் துடைக்கவும் முடிய வேண்டும். பார்க்க முடியாத மூலையில்தான் மழைநீர் தேங்கும், அங்கேதான் மரம் அழுகும்.

மெத்தைக்கு அடியில் வெறும் பலகை இருந்தால் மூன்று வாரத்தில் கரும்புள்ளி விழும். உடம்பு வேர்வை கீழே இறங்கிப் பலகையில் குளிர்ந்து நிற்பதுதான் காரணம். கட்டில் பலகையில் 40 மிமீ துளைகள் 150 மிமீ இடைவெளியில் போட்டு, மேலே ஒரு நைலான் வலை அடுக்கு விரியுங்கள், அல்லது பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள். துளைகளால் எடையும் குறையும். மெத்தைக்கு 100 மிமீ, கன மீட்டருக்கு 35 முதல் 40 கிலோ அடர்த்தியுள்ள நுரை. இரட்டைப் படுக்கைக்கு 10 கிலோ வரும்.

வெப்பநாட்டில் உள்ளே சூடு தாங்கவில்லை

மேல்தளம் வெள்ளை. அதன் அடியில் 20 மிமீ மூடிய நுண்ணறை நுரை. வெயில் படும் கூரைக்கு மேலே துணிப்பந்தல். இந்த மூன்றும் இல்லாமல் மின்விசிறி மட்டும் போட்டால் சுடுகாற்றுதான் சுழலும்.

எரிவாயு எவ்வளவு பாதுகாப்பானது?

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் உடலின் அடியில் போய்த் தேங்கும், அங்கே தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் ஒரு பொறி போதும். சிலிண்டர் உள்ளறைக்குள் வரவே கூடாது. நடுத்தளத்தின் மேல், உள்ளறையோடு எந்தத் தொடர்பும் இல்லாத, மேலிருந்து திறக்கும் பெட்டி. அதன் அடிமட்டத்தில் 20 மிமீ வடிகுழாய், நீர்மட்டத்துக்கு மேலே வெளியே திறக்க வேண்டும், எந்தச் சாளரத்திலிருந்தும் அரை மீட்டராவது தள்ளி. இரு உடல்களுக்கும் நடுவே நேராகக் கீழே விட முடிவது கேட்டமரனின் நல்ல வசதி. பெட்டியிலிருந்து அடுப்பு வரை இடையில் மூட்டே இல்லாத ஒரே குழாய், அடுப்பருகே கைக்கெட்டும் வால்வு. ரெகுலேட்டருக்கு முன் அழுத்தமானி ஒன்று வைத்து, அடுப்பை மூடி, சிலிண்டரைத் திறந்து மூடிப் பத்து நிமிடம் முள்ளைப் பாருங்கள். அசைந்தால் எங்கோ கசிவு. கசிவுமணி தரைமட்டத்தில், கார்பன் மோனாக்சைடு மணி படுக்கையின் தலைமாட்டு உயரத்தில்.

நாட்டுக்கு நாடு அழுத்தம் மாறும். இந்திய வீட்டு அடுப்பு ஏறக்குறைய 30 மில்லிபார், பிரிட்டனின் புரொப்பேன் 37. அடுப்பு எதற்குச் செய்யப்பட்டதோ அந்த ரெகுலேட்டர்தான் போட வேண்டும்.

மின்னடுப்பு? 2,000 வாட் அடுப்பு 12 வோல்ட் அமைப்பிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கேற்ற பேட்டரியும் தடிமனான கேபிளும் இருந்தால் நல்லதே. முதலிலேயே முடிவு செய்து 24 வோல்ட்டில் கட்டுங்கள்.

குளிர்பெட்டி மின்சாரத்தை எல்லாம் குடித்துவிடுகிறது

கம்ப்ரசரில் குறை இருப்பது அபூர்வம். காப்பு போதாது, அல்லது கம்ப்ரசருக்குக் காற்று இல்லை. வெப்பநாட்டுக்கு 80 லிட்டர் பெட்டியைச் சுற்றி 100 மிமீ எக்ஸ்பிஎஸ் (அழுத்திய பாலிஸ்டைரீன்) அல்லது பாலியூரித்தேன் நுரை, மூட்டுகள் அடுக்குக்கு அடுக்கு மாறி. மேலே திறக்கும் மூடி, இரண்டு வரிசை ரப்பர். நுரையின் வெளிப்பக்கத்தில் ஈரம் புகாத தாள் ஒட்டாவிட்டால் சில ஆண்டுகளில் நுரை நீர் குடித்துக் கனத்துப் பயனற்றுப்போகும். அடியில் வடிதுளை போட்டால் அதை அடைத்தே வைக்க வேண்டும், குளிர்காற்று அந்த வழியாகத்தான் ஓடும். கம்ப்ரசரை மூடிய அலமாரியில் வைப்பது மிகச் சாதாரணமான தவறு: தன் சூட்டையே திரும்ப இழுத்துக்கொண்டு நிற்காமல் ஓடும். கீழே ஒரு நுழைவழி, மேலே ஒரு வெளிவழி, கணினி விசிறி ஒன்று. சரியாகச் செய்த பெட்டி வெயில் நாட்டில் நாளுக்கு 50, 60 ஆம்பியர்-மணியில் ஓடும்.

தண்ணீர் எவ்வளவு, எங்கே?

உடலுக்கு 150 லிட்டர் வீதம் இரண்டு தொட்டி, இடையே வால்வு, வழக்கமாக மூடியே. ஒன்று கசிந்தாலோ கெட்டாலோ மற்றது மிஞ்ச வேண்டும். உள்ளே 500 மிமீக்கு ஒரு தடுப்புப் பலகை, ஒவ்வொரு அறைக்கும் கை நுழையும் மூடி. ப்ளைவுட் தொட்டிக்கு உள்ளே குடிநீருக்கு ஏற்றது என்று சான்றுள்ள பூச்சு. இரண்டு வாரம் முழுதாக இறுகவிட்டு, வெந்நீர் நிரப்பி மூன்று முறை கொட்டியபின்தான் குடிக்கலாம். ஒளி புகும் குழாய் போட்டால் பாசி வரும்.

மின்பம்பு இருந்தாலும் காலால் மிதிக்கும் பம்பு ஒன்று கட்டாயம். எங்கோ ஒரு குழாய்மூட்டு கழன்றால் மின்பம்பு முழுத் தொட்டியையும் பில்ஜில் ஊற்றிவிடும். சிங்கில் கடல்நீருக்கு இன்னொரு மிதிபம்பு வைத்தால் பாத்திரம் கழுவுவதில் நல்லநீர் பெருமளவு மிஞ்சும்.

கழிப்பறைக்குக் கடல்நீர் வகையா, உலர் வகையா?

உலர் வகை. கடல்நீர்க் கழிப்பறைக்கு உடலில் இரண்டு துளை, வால்வு, வளைகுழாய், சேமிப்புத் தொட்டி எல்லாம் வேண்டும். அமெரிக்கக் கரையில் 3 கடல்மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை விடவே கூடாது, வேறு பல இடங்களிலும் அப்படித்தான். சிறுநீரைத் தனியே பிரிக்கும் உலர் கழிப்பறை 10 கிலோவுக்குள் முடியும். நாற்றம் வருவது இரண்டும் கலக்கும்போதுதான், பிரித்தால் இல்லை. திடக்கழிவின் மேல் போட நம் தென்னை நார்க்கழிவைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. 650 கிராம் செங்கல்கட்டி ஒன்று நீரில் ஊறி 8, 9 லிட்டராகும். ஆனால் இங்கே குறைவான நீரில், கையில் பிடித்தால் உதிரும் அளவுக்கு மட்டும் நனையுங்கள். 12 வோல்ட் சிறுவிசிறி ஒன்று வெளியே காற்றை இழுத்துக்கொண்டே இருக்கட்டும்.

மின்வேலையில் எது அடிக்கடி பிழையாகிறது?

மூட்டுகள், ஃப்யூஸ், கேபிளின் தடிமன். வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பியும், சரியான கருவியால் நெரித்த முனையும் போடுங்கள். வெறும் பற்றவைப்பு அதிர்வில் முறியும். பேட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு நேர்முனைக் கேபிளுக்கும் 18 செமீக்குள் ஃப்யூஸ். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி குறுக்குச்சுற்றில் கொட்டும் மின்னோட்டம் மிகப் பெரிது, சாதாரண ஃப்யூஸ் அதைத் துண்டிக்காமல் தீப்பொறியாக எரியும். அங்கே டி வகை (Class T) ஃப்யூஸ்.

தடிமனைக் கணக்கிடுவது எளிது: போகவர மீட்டரை 0.0175-ஆல் பெருக்கி, சதுர மிமீயால் வகுத்தால் மின்தடை. அதை ஆம்பியரால் பெருக்கினால் இழக்கும் வோல்ட். குளிர்பெட்டி 5 ஆம்பியர், போகவர 16 மீட்டர், 4 சதுர மிமீ: 0.35 வோல்ட், அதாவது 3 சதவீதம். 2.5 போட்டிருந்தால் 0.56. பேட்டரி சற்று இறங்கியதும் கம்ப்ரசர் தொடங்காமல் முரண்டும், எல்லோரும் கம்ப்ரசரைக் குறை சொல்வார்கள்.

600 வாட் சோலார், நாளுக்கு நாலரை மணி நல்ல வெயில், கால்பங்கு இழப்பு என்றால் ஏறக்குறைய 2 யூனிட், 12 வோல்ட்டில் 170 ஆம்பியர்-மணி. எரிவாயு அடுப்பு உள்ள படகுக்கு அது தாராளம். கேபிள்களைக் கழற்றக்கூடிய பலகைக்குப் பின்னால் ஓட்டுங்கள், நுரைக்குள் புதைக்காதீர்கள்.

கேட்டமரன் கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் எப்படி வெளியேறுவார்?

ஐஎஸ்ஓ 12217-2 என்ற பன்னாட்டுத் தரம் இதற்காகவே, கவிழக்கூடிய குடியிருப்புக் கேட்டமரனுக்குத் தப்பும் வழி கேட்கிறது. ஒவ்வொரு உடலிலும், கவிழ்ந்த நிலையில் நீர்மட்டத்துக்கு மேலே வரும் இடத்தில், ஆள் நுழையும் மூடி. அதன் முன்னால் அலமாரி கட்டிவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. பேட்டரியும் தரைப்பலகையும் கருவிப்பெட்டியும் தலைகீழானாலும் விழாதபடி பூட்டோ பட்டையோ இருக்கட்டும். 30 கிலோ பேட்டரி தலைமேல் விழுந்தால் தப்பும் வழி இருந்தும் பயனில்லை.

எல்லாம் முடிந்தபின்தான் தண்ணீரில் இறக்க வேண்டுமா?

இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழுள்ள துளைகளும் வால்வுகளும், இரு உடலிலும் பில்ஜ் பம்பு, தொட்டிகள், முதன்மை மின்கேபிள், எரிவாயு, ஒரு படுக்கை, தீயணைப்பான் இரண்டு, தப்பும் மூடி: இவை முடிந்திருக்க வேண்டும். தட்டுகள், கதவுகள், உட்பூச்சுப் பலகைகள் பிறகு. நங்கூரத்தில் சில மாதம் குடியிருந்தால், திட்டமிட்டதில் கால்வாசி தேவையே இல்லை என்று தெரியும்.

இறக்கும் முன் நான்கு மூலைகளிலும் மேல்தள விளிம்பிலிருந்து வரைபட நீர்மட்டம் வரை அளந்து எழுதிவையுங்கள். மிதந்ததும் அதே நான்கு இடத்தில் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அளங்கள். அதன்பின் தண்ணீர் நிரப்பியபின், பேட்டரி வைத்தபின், உணவு ஏற்றியபின் என ஒவ்வொரு கட்டத்திலும். நான்கும் ஒரே அளவு குறைந்தால் எடை மட்டுமே கூடியிருக்கிறது, நோட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இடமும் வலமும் மாறினால் ஒரு தொட்டித் தண்ணீரை மறுபக்கம் மாற்றிப் பாருங்கள். அணியம் மட்டும் 2 செமீ தாழ்ந்திருந்தால், வேறு எதையும் தொடுமுன் சங்கிலிப் பெட்டியைப் பாய்மரத்தின் அடிக்கு நகர்த்துங்கள்.